தொட்டுத் திருத்துவது

எட்டாம் வகுப்பு படிக்கும்போது ‘எங்கள் ஊர்’ என்று ஒரு கட்டுரை எழுதினேன். 1984ஆம் வருஷம். பத்துக்கு ஏழு மார்க் வந்தது. முன்னுரை, அமைவிடம், கோயில், தொழில், திருவிழா, முடிவுரை என்று உள்தலைப்பெல்லாம் போட்டு, நோட்ஸில் இருந்ததை மனப்பாடம் பண்ணி எழுதியது. எங்கள் ஊரின் நடுவே அழகிய கோயில் ஒன்று உள்ளது, வெள்ளிக்கிழமைதோறும் நான் அங்கு சென்று வழிபடுவேன் என்று அதில் ஒரு வரி. அந்தக் கோயிலுக்குள் நான் போனதில்லை. எங்கப்பா போனதில்லை. எங்க தாத்தா போனதில்லை. தேர் எங்க தெருப்பக்கம் திரும்பினதும் கிடையாது. நான் எந்தத் தெரு என்பது வாத்தியாருக்கு நன்றாகவே தெரியும். வகுப்பில் நான் எந்த மூலையில் உட்காரணும் என்று சொன்னவரே அவர்தான். அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக் போட்டிருந்தார்.

அன்றைக்கு எனக்குச் சந்தோசம்தான். வீட்டில் கொண்டுபோய்க் காட்டினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. “ஏழா? நல்ல மார்க்குதான?” என்று கேட்டது. அந்த டிக்குக்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிய இருபது வருஷம் ஆனது. நான் எழுதினது பொய் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பொய்யை அழகான கையெழுத்தில், வரிசை மாறாமல் எழுதினேன். அதற்குத்தான் ஏழு மார்க். மூணு மார்க் குறைந்தது ஒற்றுப் பிழைக்கு.

கல்லூரியில் இன்னொரு ஆசிரியர். முற்போக்கானவர், கூட்டங்களில் நம் பக்கம் நின்று பேசுகிறவர். மற்ற பிள்ளைகளின் கட்டுரைகளில் ஓரமெல்லாம் எழுதித் தள்ளுவார். இதற்கு ஆதாரம் என்ன, இந்தப் பத்தி ஏன் இங்கே வருகிறது, முன்னால் சொன்னதற்கு இது முரணாக இருக்கிறதே என்று கேட்பார். என் தாள் மட்டும் வெள்ளையாகத் திரும்பி வரும். கடைசியில் ‘நன்று’ என்று ஒரு சொல். ஒருநாள் தைரியமாகக் கேட்டேன். தோளில் கையைப் போட்டுச் சொன்னார்: “தம்பி, உங்க எழுத்துல நான் கை வைக்கக் கூடாது. அது மண்வாசனை உள்ள எழுத்து. அப்படியே இருக்கட்டும்.” எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைத் தொட்டுப் பேசினாரே என்று. பிறகு போட்டித் தேர்வுக்குப் போனபோதுதான் தெரிந்தது, ஒரு கருத்தை நாலு பக்கத்துக்கு நிறுத்தி வாதாட எனக்குத் தெரியவில்லை. மூணு வருஷம் அவர் வகுப்பில் உட்கார்ந்தும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவனுக்குத் தெரிந்தது. அவன் தாளில் அவர் கேள்வி கேட்டிருந்தார்.

ஒருத்தர் படிக்காமலேயே டிக் போட்டார். இன்னொருத்தர் படித்துவிட்டு அப்படியே கொடுத்தார். முதலாமவர் என்னை வெறுத்தார், ரெண்டாமவர் நேசித்தார். ஆனால் ரெண்டு பேருமே என் தாளைத் தொடவில்லை.

இதை வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் திருத்துவது நியாயமா? எந்த உரிமையில் திருத்துகிறார்? மற்றவர்கள் கேட்பதைவிட நாம் கேட்கும்போது இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். ‘திருத்துவது’ என்ற சொல்லே நமக்கு நல்ல சொல்லாக இருந்ததில்லை. நம்ம பேச்சைத் திருத்தினார்கள். நம்ம சாப்பாட்டைத் திருத்தினார்கள். நம்ம சாமிகளைத் திருத்தினார்கள். 1992இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தது. சேரியில் பேசுகிற பேச்சு பிழையில்லை, அதுவும் இலக்கியம் எழுதுகிற மொழிதான் என்று நிலைநாட்ட நம் எழுத்தாளர்கள் பட்ட பாடு கொஞ்சமா? இத்தனையும் பட்ட பிறகு, ‘எங்க எழுத்துல எவனும் கை வைக்கக் கூடாது’ என்று நம்மில் ஒருவர் சொன்னால் அந்தக் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த வாக்கியத்தை இன்னொருமுறை படித்துப் பாருங்கள். அந்த முற்போக்கு ஆசிரியர் என்னிடம் சொன்ன அதே வாக்கியம்தான் அது. நாம் கோபத்தில் சொல்வதும் அவர் பரிவில் சொன்னதும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

அம்பேத்கரை எடுத்துக்கொள்வோம். 1916 மே 9ஆம் தேதி, நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், கோல்டன்வைசர் என்ற மானுடவியல் பேராசிரியரின் கருத்தரங்க வகுப்பில் ஒரு கட்டுரை வாசித்தார். ‘இந்தியாவில் சாதிகள்’ என்று நாம் இன்றைக்கும் படிக்கிறோமே, அதுதான். அப்போது அவருக்கு வயசு 25. அது ஒரு மாணவர் சக மாணவர்கள் முன்னால் வாசித்த வகுப்புக் கட்டுரை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். செனார், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேட்கர் என்று சாதிக்கு இலக்கணம் சொன்னவர்களை முதலில் வரிசையாக நிறுத்துகிறார். ஒவ்வொருவரும் எதைப் பிடித்தார்கள், எதை விட்டார்கள் என்று சொல்கிறார். எல்லாவற்றையும் சலித்துவிட்டு அகமணம் என்ற ஒன்றை மட்டும் கையில் எடுக்கிறார். சதி, கைம்மை, குழந்தை மணம் ஆகிய மூன்றும் அந்த ஒன்றைக் காப்பாற்ற வந்தவை என்று காட்டுகிறார். மனுதான் சாதியை உண்டாக்கினார் என்று சொல்வார்களே என்ற மறுப்பைத் தானே எழுப்பிப் பதில் சொல்கிறார். கடைசியில், என் கொள்கை நிற்காது என்று காட்டினால் அதைக் கைவிடவும் தயார் என்கிறார். சாதியின் கொடுமையைத் தன் உடம்பில் பட்டுத் தெரிந்துகொண்ட மனிதர் இவர். ‘நான் பட்டவன், நான் சொல்வதே முடிவு’ என்று அவர் அங்கே சொல்லவில்லை.

அதே மனிதர் இருபது வருஷம் கழித்து என்ன செய்தார்? 1936இல் லாகூரில் ஜாத்-பாத்-தோடக் மண்டல் என்ற அமைப்பு தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அவரை அழைத்தது. உரையை முன்கூட்டியே பார்த்தவர்கள் சில பகுதிகளை எடுத்துவிடச் சொன்னார்கள். ஒரு கால்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்றார். மாநாடே நின்றுபோனது. அவர் அந்த உரையைத் தன் செலவில் 1500 பிரதி அச்சிட்டார். அதுதான் ‘சாதி ஒழிப்பு’. காந்தி தன் ‘ஹரிஜன்’ இதழில் அதை மறுத்து எழுதினார். 1937இல் ரெண்டாம் பதிப்புப் போட்டபோது அம்பேத்கர் காந்தியின் மறுப்பைத் தன் புத்தகத்திலேயே சேர்த்து, பக்கத்திலேயே தன் பதிலையும் அச்சிட்டார்.

1916இல் தவறென்று காட்டினால் கைவிடுகிறேன் என்றவர், 1936இல் கால்புள்ளியைக்கூட மாற்றமாட்டேன் என்கிறார். முரண்பாடா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. லாகூர்க்காரர்கள் அவர் சொன்னது தப்பு என்று காட்ட வரவில்லை. கேட்பவர்களுக்குச் சங்கடம், அதனால் எடுத்துவிடு என்றார்கள். காந்தி தப்பு என்று வாதாடினார். வாதாடியவருக்குப் புத்தகத்தில் இடம் கொடுத்தார், வாயை மூடச் சொன்னவர்களுக்குக் கால்புள்ளிகூடக் கொடுக்கவில்லை. நமக்கு வேண்டிய உரைகல் இதுதான் என்று நினைக்கிறேன். திருத்தச் சொல்கிறவன் எதைக் காப்பாற்றச் சொல்கிறான்? எழுத்தில் இருக்கிற உண்மையையா, தன் நிம்மதியையா?

சொல்வது சுலபம். நடைமுறையில் இது எப்படி வேலை செய்கிறது என்பதை எங்கள் காலனிப் படிப்பகத்தில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வரும். கல்லூரிக்குப் போகிறவை, பாலிடெக்னிக் படிக்கிறவை. வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவைதான் எல்லாமே. கட்டுரை எழுதச் சொன்னால் உடனே முன்னுரையில் ஆரம்பிக்கும். நான் பேனாவை வாங்கி வைத்துவிடுவேன். “மொதல்ல நீ சொல்ல வர்றது என்னா? ஒரே வரியில சொல்லு.” அந்த ஒரு வரியைத் தாளின் மேலே எழுதணும். அதற்குக் கீழே அதற்கான மூணு காரணம். ஒவ்வொரு காரணத்துக்கும் பக்கத்தில், ‘இது உனக்கு எப்படித் தெரியும்?’ என்பதற்குப் பதில். பார்த்ததா, கேட்டதா, படித்ததா? கடைசியில், இதை ஒத்துக்கொள்ளாதவன் என்ன சொல்லுவான் என்று ஒரு வரி. இவ்வளவுதான் குறிப்புச் சட்டம். இது இருந்தால்தான் எழுதலாம்.

இந்த முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் மேல்சாதிக்காரன் போட்ட சட்டகம், நமக்கு எதுக்கு என்று சில தோழர்கள் கேட்பது உண்டு. எங்க பாட்டி பஞ்சாயத்தில் வழக்குச் சொல்வதைச் சின்ன வயசில் கேட்டிருக்கிறேன். தனக்கு என்ன வேண்டும் என்பதை எடுத்த எடுப்பில் சொல்லிவிடும். அப்புறம் என்றைக்கு நடந்தது, யார் இருந்தார்கள், எவ்வளவு பணம் என்று ஒவ்வொன்றாக வைக்கும். எதிராளி சொல்லப்போவதைத் தானே முன்கூட்டிச் சொல்லி உடைக்கும். கடைசியில் மறுபடி கேட்டதையே கேட்கும். எழுத்து தெரியாத பாட்டிக்கு யார் சட்டகம் போட்டுக் கொடுத்தது? நியாயம் கேட்கிறவளுக்கு வரிசை தேவைப்பட்டது. அது நம்மிடம் இருந்த சரக்குதான்.

எழுதி முடித்த வரைவை நான் திருத்துவதில்லை. பிள்ளைகளே மாற்றிக்கொள்ளும். எழுதினவர் படிக்கக் கூடாது, இன்னொருத்தர் சத்தமாகப் படிக்கணும். எங்கே தடுக்குகிறதோ அங்கே வாக்கியம் சரியில்லை என்று அர்த்தம். படித்தவர் மூணு விஷயம் சொல்லணும். எனக்குப் புரிந்தது இது, சரியா? இந்த இடத்தில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இந்த இடத்தில் இன்னும் கேட்கணும் போல இருந்தது. எழுத்துப் பிழையெல்லாம் கடைசி. சிவப்பு மை கிடையாது, பென்சில்தான். எழுதினவருக்கு மறுக்கும் உரிமை உண்டு. ஆனால் காரணம் சொல்லி மறுக்கணும்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு பொண்ணு, பி.ஏ. முதல் வருஷம், ‘உழைப்பின் உயர்வு’ என்ற தலைப்பில் கல்லூரிக்கு எழுதிக்கொண்டு வந்தது. உழைப்பவர் உயர்வர், வியர்வை வீண்போகாது என்று பக்கம் பக்கமாக. படித்தவன் பாலிடெக்னிக் பையன். படித்துவிட்டு நிமிர்ந்து, “ஒங்க வூட்ல எல்லாரும்தான் ஒழைக்கறீங்க. என்னா ஒசந்தீங்க?” என்றான். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பொண்ணு எழுந்து போய்விட்டது. அதோட அப்பா அம்மா பொங்கல் கழிந்தால் செங்கல் சூளைக்குப் போய் ஆடி வாக்கில் திரும்புகிறவர்கள்.

அவன் கேட்ட கேள்வி சரி, கேட்ட விதம் தப்பு. அன்றைக்குத்தான் ஒரு விதி சேர்த்தோம்: தாளைக் கேளு, ஆளைக் கேக்காத. அவன் போய் மன்னிப்புக் கேட்டான். ஆனால் கேள்வியைத் திரும்பப் பெறவில்லை. “அக்கா, தாளுல ஒங்க அம்மா எங்கயும் இல்ல. அவங்களுக்கு என்னா கூலி?” என்று கேட்டான். பொண்ணுக்குத் தெரியவில்லை. போய் அம்மாவைக் கேட்டது. அம்மா சிரித்ததாம். “எனக்கு ஏது கூலி? ஆயிரம் கல்லுக்கு இவ்ளோன்னு உங்கப்பன் பேர்லதான் எழுதுவாங்க. மண்ணு மிதிச்சதும் கல்லு அறுத்ததும் நானு. நோட்டுல என் பேரு கெடையாது.”

ரெண்டாம் வரைவு அங்கே பிறந்தது. சூளையில் இருப்பது கொத்தடிமை வேலை என்று அதில் எழுதியிருந்தது. பையன் விடவில்லை. “முன்பணம் வாங்கிட்டுத்தான போறாங்க? மேஸ்திரி அது கடன்னு சொல்வான். என்னா பதில் வச்சிருக்க?” பொண்ணுக்குக் கோபம். ஆனாலும் நூலகத்துக்குப் போனது. முன்பணத்துக்கு ஈடாக, வேறு இடம் போகும் உரிமையை இழந்தோ குறைந்தபட்சக் கூலிக்குக் கீழாகவோ வேலை வாங்குவது கொத்தடிமை முறைதான் என்று 1976ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதை எடுத்து வந்தது. குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வாங்கும் வேலை அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை செய்த கட்டாய உழைப்பே என்று 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் எடுத்து வந்தது. மூணாம் வரைவில், உழைப்பு உயர்வு தரவேண்டும் என்றால் உழைத்தவள் பெயர் கணக்கில் இருக்க வேண்டும் என்பது முதல் வரியாக வந்துவிட்டது. ரெண்டாம் வரைவில் அது கடைசிப் பத்தியில் ஒளிந்துகொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்து மேலே கொண்டுவரச் சொன்னவனும் அந்தப் பையன்தான்.

கல்லூரியில் பத்துக்கு ஆறு போட்டார்கள். தலைப்பை விட்டு விலகியிருக்கிறதாம். பழையபடி எழுதியிருந்தா எட்டு வந்திருக்கும் என்று பிள்ளைகள் சொன்னதற்கு, “அதை எங்கம்மாவுக்குப் படிச்சிக் காட்ட முடியாதே” என்றது. நான் ஏழு மார்க் தாளை எங்கம்மாவிடம் நீட்டியது ஞாபகம் வந்தது. எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரிந்திருந்தால் அந்தக் கோயில் வரியை நான் எப்படிப் படித்துக் காட்டியிருப்பேன்?

இத்தோடு முடித்திருந்தால் நான் நல்லவனாக இருந்திருப்பேன். கதை முடியவில்லை.

அடுத்த ஏப்ரல் 14க்கு ஒரு கூட்டம். ‘ஒற்றுமை’ பற்றி வாசிக்க ஒரு கட்டுரை எழுதினேன். விதி எல்லோருக்கும் பொதுதானே, என் வரைவையும் கொடுத்தேன். அந்தப் பொண்ணு கையில் போனது. அந்தக் குடும்பம் அருந்ததியர். காலனிக்கும் அந்தாண்ட, ஓடைக்கரையில் ஏழெட்டு வீடு. நானும் அந்தப் பையனும் காலனியின் பெரிய தெரு. பொண்ணு என் கட்டுரையைச் சத்தமாகப் படித்தது. ‘நாம் அனைவரும் ஒரே ரத்தம்’ என்ற இடத்தில் தடுக்கியது. ஓரத்தில் பென்சிலால், ‘எங்க தெரு எந்தப் பத்தியில வருது சார்?’ என்று எழுதியது. அதற்குக் கீழே இன்னொன்று. ‘எல்லாரும் ஒண்ணா இருந்திருந்தா 2009இல் எங்களுக்குத் தனியா மூணு சதவீத உள்ஒதுக்கீடு ஏன் தேவைப்பட்டுச்சி? இதுக்கு உங்க கட்டுரையில பதில் இல்ல.’

எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. மறைக்க விரும்பவில்லை. என் மனசில் ஓடினது இவைதான்: நான் சொல்லிக் கொடுத்த பிள்ளை எனக்கே குறி போடுதா? இதையெல்லாம் கூட்டத்தில் பேசினால் ஊர்த் தெருக்காரன் சிரிக்க மாட்டானா? இப்போ இது தேவையா? “பாப்பா, நீ கேக்கறது நியாயம்தான். ஆனா இது அதுக்கான நேரமில்ல. அதை எடுத்துடு” என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் எனக்கு லாகூர் ஞாபகம் வந்தது. சங்கடம், அதனால் எடுத்துவிடு. வார்த்தை மாறாமல் அதையேதான் சொல்ல வந்தேன். எங்க வாத்தியார் கோயில் வரியில் போட்ட டிக்கைப் போல, ‘ஒரே ரத்தம்’ என்ற என் வரிக்கு நானே ஒரு டிக் போட்டு வைத்திருக்கிறேன். ஓடைக்கரை வீடுகளில் எத்தனை முறை தண்ணி வாங்கிக் குடித்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். விரல் விட வேண்டியிருக்கவில்லை.

நமக்கு மேலே இருக்கிறவன் நம்மைத் திருத்த வரும்போது சந்தேகப்படுவது நமக்குக் கைவந்த கலை. நமக்குக் கீழே என்று நாமே தள்ளி வைத்தவர்கள், நம் வீட்டுப் பெண்கள், நம்மிடம் படிக்கிற பிள்ளைகள் பென்சிலோடு வரும்போது நாம் என்ன செய்கிறோம்? ‘எங்க எழுத்துல கை வைக்காத’ என்ற முழக்கத்தை அவர்கள் மேலேயும் வீசுகிறோமா? என் தாளில் ஒருவர் கேள்வி எழுதுகிறார் என்றால் என்னைப் பதில் சொல்லக்கூடிய மனிதனாக மதிக்கிறார் என்று பொருள். அந்த மரியாதை எனக்கு இருபது வயசில் கிடைக்கவில்லை. ஐம்பது வயசில் ஒரு பொண்ணிடமிருந்து கிடைத்தது. அதையும் உதறப் பார்த்தேன்.

கட்டுரையை மாற்றி எழுதினேன். ஓடைக்கரையைப் பற்றி ஒரு பத்தி சேர்த்துத் திரும்பக் கொடுத்தேன். பொண்ணு படித்துவிட்டு, “பரவாயில்ல சார். ஆனா இந்தப் பத்தியில எங்களுக்காக நீங்க பேசறீங்க” என்றது. நான் அந்தப் பத்தியை அடித்துவிட்டேன். அது தானே ஒரு பத்தி எழுதிக் கொண்டுவந்தது. விதிப்படி நான் சத்தமாகப் படித்தேன். ரெண்டு இடத்தில் பென்சிலால் கேள்வி போட்டேன். ஒரு கேள்வியை ஒத்துக்கொண்டு வரியை மாற்றியது. இன்னொன்றை மாற்ற முடியாது என்று சொல்லி, காரணமும் சொன்னது. காரணம் சரியாகத்தான் இருந்தது. கூட்டத்தில் அந்தப் பத்தியை அந்தப் பொண்ணே வாசித்தது.